வயிற்றில் வைத்த குழாய்

அறுபத்திரண்டாம் வருஷம், மார்கழி. விளக்கு வைக்கிற நேரம். கொள்ளிடக் கரையிலிருந்து மண்ணச்சநல்லூர் போகிற ரோட்டில் ஈ காக்கை இல்லை. அழகர்சாமி தனியாக நடக்கிறான். பெண்டாட்டி வள்ளிக்கண்ணுவை எரித்துவிட்டு வருகிறான்... கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லை, பாவி!

இன்னொருத்தியைக் கட்டுவதற்காக, கஷாயம் என்று சொல்லி அவளுக்குத் தட்டான் நகை கழுவுகிற திராவகத்தைக் கொடுத்தவனே அவன்தான். தொண்டையிலிருந்து இரைப்பை வரை வெந்து, வழியே அடைத்துப்போயிற்று. “கை தவறிக் குடிச்சுட்டேன்” என்று காற்றுக் குரலில் சொன்னாள். புருஷனைக் காட்டிக்கொடுக்கவில்லை, பைத்தியக்காரி! திருச்சி ஆஸ்பத்திரியில் வயிற்றில் துளை போட்டு ரப்பர் குழாய் வைத்தார்கள். அதில் புனலைச் செருகிக் கஞ்சி ஊற்றினால்தான் உயிர்.

“உடம்பு தேறட்டும்மா. உன் குடலையே எடுத்துப் புதுத் தொண்டைக்குழாயாத் தெச்சு விடுறேன். வாயாலயே சோறு திங்கலாம்,” என்றார் டாக்டர்.

தேறவிட்டால்தானே? வீட்டுக்குக் கூட்டி வந்தவன் வெறும் தண்ணீரை ஊற்றினான். பசி பசியென்று வயிற்றைத் தட்டிக் காட்டினாள். கதவைச் சாத்திக்கொண்டு போனான். எலும்பும் தோலுமாகச் செத்தாள். சுடுகாட்டில் ஊரே வாய்க்கரிசி போட்டது... வாயில். அந்த வழிதான் அடைத்துக் கிடக்கிறதே! ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

சரி, ரோட்டுக்கு வருவோம். பின்னால்... களக்... களக். புளித்த கஞ்சி நாற்றம், கூடவே ரப்பர் வாடை. திரும்பினான். புளியமரத்தடியில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். கையில் புனல்.

“ஏங்க... ஒரு அரிசிகூட உள்ள எறங்கலைங்க.”

அழகர்சாமி அலறினான். சத்தம் வரவில்லை. அன்றோடு அவன் தொண்டை அடைத்தது. எச்சில்கூட இறங்கவில்லை.

டாக்டருக்குக் காரணம் பிடிபடவில்லை. அவனுக்கும் வயிற்றில் குழாய் வைத்தார். அப்பாடா, பிழைத்தோம் என்றுதான் நினைத்தான். ஆனால் கஞ்சி நேரம் வரும், போகும்... அவன் புனலில் ஒரு சொட்டு விழாது. பக்கத்துக் கட்டில்களுக்கெல்லாம் ஊற்றிவிட்டு நர்ஸ் லூர்துராணி அவனை மட்டும் தாண்டிப் போவாள். வாய்விட்டுக் கேட்கவும் முடியவில்லை. ஆள் கரைந்தே போனான். கடைசியில் ஒருநாள் அவள் கையைப் பிடித்து இழுத்து, அழுதுகொண்டே வயிற்றைக் காட்டினான்.

லூர்துராணிக்குக் கோபம் வந்துவிட்டது.

“என்னங்க, எத்தனை தடவைதான் ஊத்துறது? இப்பதானே உங்க வீட்டம்மா ஊத்திட்டுப் போறாங்க! அவங்களுக்கும் தொண்டை சரியில்ல போல, பேசினா காத்துதான் வருது, பாவம். உங்களை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு கேட்டாங்க. நாளைக்கு அனுப்புறேன்னு சொல்லிட்டேன்.”