சுவரில் ஒட்டிய மலை

— படத்தோட இடது மூலையை அமுக்குடா சுகுணா, அருவி உரிஞ்சு வருது.

— அருவின்னா கீழதானே சேச்சி வரும்.

— பல்லைக் காட்டாம அமுக்கு. பொண்ணு வீட்டுக்காரங்க வீடு காண வர்ற நேரம் ஆச்சு. நீ இங்க நின்னு தமாஷ் பண்ணிட்டிரு.

— பசை பிடிக்கலை. கர்க்கடக மாச மழைக்கு ஏறின தண்ணி, இறங்கி எத்தனை நாளாச்சு! சுவருக்கு இன்னும் குடிச்சது தெளியலை. ஆணி அடிச்சிடட்டுமா?

— மலை உச்சியில ஆணி நின்னா என்ன நினைப்பாங்க?

— செல்போன் கோபுரம்னு நினைப்பாங்க.

— இத்தனை பேர் வந்து பாத்துட்டு வேண்டாம்னு போன பிறகும் உனக்குப் புத்தி வரலை.

— எனக்கு எதுக்கு? அதான் உங்களுக்கு வந்திருக்கே. மொத தடவை, தண்ணிக்கோடு வரைக்கும் மட்டும் பெயின்ட் அடிக்கச் சொன்னது யாரு?

— பெயின்ட் அவ்வளவுதான் இருந்துது.

— இடுப்பு வரைக்கும் நீலம், மேல பழைய வெள்ளை. பொண்ணோட அப்பா, ‘வீடு என்ன கைலி கட்டிட்டு நிக்குது’ன்னு கேட்டாரு.

— அதுல ஒண்ணு கத்துக்கிட்டேன் இல்லே? அடுத்த தடவை பெயின்ட்டே கிடையாது, படம்தான்.

— ஆமா. வீட்டுல இருந்த சாமிப் படம் பூரா கோட்டு மேல வரிசையா. இடுப்பு உயரத்துல சாமி. பொண்ணோட தாத்தா குனிஞ்சு கும்பிட்டவரு நிமிரவே இல்லை. வளைஞ்ச மாதிரியே வள்ளத்துல ஏத்தித் துடுப்புப் போட்டுக் கொண்டு போனாங்க.

— சரி, அதுவும் ஒரு பாடம். அதுக்கு அப்புறம் ஷோகேஸ் வாங்கி மறைச்சோம்.

— தேக்கான்னு கதவைத் தொட்டுப் பாத்த ஆளு, கையில கதவோட திரும்பினாரு. மிச்சம் புட்டு மாதிரி உதிர்ந்துது.

— அதான் சொல்றேன். இந்த ஊர்ல ஒண்ணு நல்ல மரம், இல்லைன்னா இரும்பு. ஒட்டுப்பலகை ஆகாது. தரைவிரிப்பு ஆகாது. திரைச்சீலை ஜன்னலோட நிக்கணும், தரை வரைக்கும் இறங்கினா சேறு குடிக்கும். அந்தப் பிளாஸ்டிக் பூவைக் கழுவினியா?

— கழுவினேன். உள்ள இருந்த தவளையையும் அனுப்பி வச்சாச்சு. நாத்தத்துக்கு என்ன பண்றது? ஊதுபத்தி?

— வைக்கவே கூடாது. போன தடவை கட்டுக்கட்டா கொளுத்தினோம், யாரு செத்ததுன்னு வாசல்லயே நின்னு கேட்டாங்க.

— நீங்களும் சொன்னீங்க.

— என் வீட்டுக்காரரு, உன் சேட்டன், எலிக்காய்ச்சல்ல செத்தது ஊருக்கே தெரியும். நான் மறைச்சா மட்டும்?

— காய்ச்சலோட நிறுத்தியிருக்கலாம் சேச்சி. முற்றத்துல தண்ணி நின்னதும், நாம கல்லு அடுக்கி அதுக்கு மேல வச்சு எரிச்சதும் எதுக்கு? பொண்ணோட அம்மா சாயா டம்ளரை வச்சவங்க, திரும்பி எடுக்கலை.

— சோபாவுக்கு முட்டுக் கொடுத்திருக்கறது எந்தக் கல்லுன்னு நான் சொல்லலையே.

— நல்லவேளை. அவங்க அதுலதான் உக்காந்திருந்தாங்க.

— வேற கல்லு எங்க இருந்துது? வாயை மூடிட்டு வேலையைப் பாரு.

— இந்தத் தடவை அமைஞ்சா போயிடுவீங்க இல்லே?

— போகணும்டா. சேர்த்தலையில அக்கா தையல் கடையில ஒரு மெஷினை எனக்குன்னு ஒதுக்கி வச்சிருக்கா. அங்க மணல் மண்ணு. மழை விட்டா தண்ணி போன இடம் தெரியாதாம்.

— ஊர்ல பேசறதுக்குப் பயந்தா? புருஷன் செத்தவளும் கொழுந்தனும் ஒரே வீட்டுலன்னு?

— ஊர் பேசட்டும். மழை தூறினா அரிசியை, துணியை, அடுப்பைப் பரண்ல ஏத்தி ஏத்தி என் தோள் விட்டுப்போச்சு. உன்னைத் தனியா விட்டுட்டுப் போனேன்னு செத்தவரு சபிக்கக் கூடாது. ஒருத்தி வந்து இந்த வீட்டை ஏத்துக்கிட்டா, நான் அடுத்த படகுல ஏறிடுவேன்.

— நான் சமையல்காரன் சேச்சி. பட்டினி கிடக்க மாட்டேன்.

— படகு வீட்டுல வெள்ளைக்காரனுக்குப் பொரிப்பே. வீட்டுல என்னிக்காவது ஒரு மீனைத் திருப்பிப் போட்டிருக்கியா?

— அந்த வெள்ளைக்காரன் இந்தத் தண்ணியைப் பாக்கத்தான் கடல் தாண்டி வர்றான். நாம அதுக்கு மேல மலையை ஒட்டி மறைக்கறோம்.

— அவன் பாத்துட்டுப் போயிடுவான். வாக்கப்பட்டு வர்றவ எங்க போவா?

— உங்களுக்கு வீடு காட்டினப்ப எதை வச்சு மறைச்சாங்க?

— நெல்லு மூட்டை. சுவர் தெரியாம அடுக்கியிருந்தாங்க. எங்கப்பா நெல்லைப் பாத்தாரு, சுவரைப் பாக்கலை. ‘நிறைஞ்ச வீடு, கண்ணை மூடிட்டுக் கொடுக்கலாம்’னு வந்து சொன்னாரு. கல்யாணத்துக்கு மறுநாள் பக்கத்து வீட்டுக்காரன் வந்து அவன் மூட்டையை எல்லாம் திருப்பி எடுத்துட்டுப் போனான்.

— ஞாபகம் இருக்கு. அடுக்கினதுல நானும் ஒருத்தன்.

— தெரியும். நல்லாத்தான் அடுக்கியிருந்தே. இப்ப அருவியை அமுக்கு.

— வள்ளம் வருது சேச்சி! தரகர் துண்டை ஆட்டறாரு.

— எத்தனை பேரு? பத்துப் பேருக்குப் பழம்பொரி போட்டு வச்சிருக்கேன்.

— தரகரைக் கழிச்சா ஒரே ஒருத்தர். வயசானவர்.

— பொம்பளைங்க?

— ஒருத்தரும் இல்லை. தரகரும் வள்ளத்தை விட்டு இறங்கற மாதிரி தெரியலை. வாங்க, வாங்க! பாத்து, படி வழுக்கும்.

— இருக்கட்டும் தம்பி. நான் தங்கப்பன். பொண்ணு அம்பிளிக்குத் தாய்மாமன். இவங்கதான் உங்க அண்ணன் பெண்சாதியா?

— ஆமா மாமா, லதிகா சேச்சி.

— லதிகா. சரி. நல்லது.

— உள்ள வாங்க. சோபாவுல உக்காருங்க, எதிர்ல காத்து நல்லா வரும்.

— இருக்கட்டும் மகளே. இந்த ஸ்டூலைத் திருப்பிப் போட்டு உக்காந்துக்கறேன்.

— சுவருக்கு முதுகைக் காட்டிட்டா? மூஞ்சியில வெயில் அடிக்குமே.

— அடிக்கட்டும். இப்படியே தண்ணியைப் பாத்துட்டு இருக்கேன்.

— சேச்சி, சாயா எடுக்க நானும் வரேன். இப்படி வாங்க. அந்த ஆளு கண்டுபிடிச்சுட்டாரு! மலைப் படத்தைப் பாத்ததும் மூஞ்சி எப்படிப் போச்சு பாத்தீங்களா? பாத்த உடனே திரும்பி உக்காந்துட்டாரு.

— பாக்காம உக்காந்தா நமக்கு நல்லதுதானே. தட்டை எடு. உளறாதே.

— மாமா, பழம்பொரி எடுத்துக்குங்க.

— இருக்கட்டும். தம்பி, சுவிட்ச் எல்லாம் ஏன் தலைக்கு மேல இருக்கு?

— குழந்தைங்க கை படாம இருக்கத்தான்.

— வீட்டுல குழந்தைங்க உண்டா?

— இல்லை. வரப்போற குழந்தைங்களுக்கு.

— பெரிய முன்யோசனைதான். பிரிட்ஜ் ஏன் மேசை மேல நிக்குது?

— குனிஞ்சா இடுப்பு வலிக்குமேன்னு.

— யாருக்கு?

— வரப்போற பொண்ணுக்கு.

— ஜன்னல் கம்பியில வள்ளம் கட்டற கயிறு தொங்குதே, அது?

— அது துணி காயப் போடறதுக்கு.

— இருக்கட்டும். நேராவே கேட்டுடறேன். வீட்டுக்குள்ள தண்ணி ஏறுமா?

— முற்றம் வரைக்கும் வரும் மாமா. கால் நனையும். செருப்பைக் கழட்டிட்டா போதும்.

— மகளே, நீ சொல்லு.

— சேச்சிக்கு அதெல்லாம் அவ்வளவா—

— நகரு சுகுணா.

— என்ன பண்றீங்க? சேச்சி! படத்தைக் கிழிக்காதீங்க சேச்சி!

— இதுவரைக்கும் ஏறும். இந்தக் கோடு, இது இந்த வருஷம். மேல மங்கலா ஒண்ணு தெரியுதே, அது என் புருஷன் செத்த வருஷம். வயலைச் சுத்தின வெளிவரம்பு உடைஞ்சா, உலை கொதிக்கறதுக்குள்ள தண்ணி உள்ள வந்துடும். அவரைச் சாகற வரைக்கும் அந்த மேசை மேலதான் படுக்க வச்சிருந்தோம், இப்ப பிரிட்ஜ் நிக்குதே, அதுல. எனக்கு இதை யாரும் காட்டலை. அந்தப் பொண்ணுகிட்ட போய்ச் சொல்லுங்க. பழம்பொரியைப் பொட்டலம் கட்டித் தரேன், நிறைய இருக்கு.

— முடிஞ்சுது சேச்சி, இதுவும் போச்சு. தரகர் ஏன் வள்ளத்தை விட்டு இறங்கலைன்னு இப்ப தெரியுது.

— நல்லதாப் போச்சு மகளே, நீயே கிழிச்சுட்டே. அந்த மலை இருந்த வரைக்கும் எனக்கு இந்தப் பக்கம் கண்ணு திரும்பலை.

— என்ன சொல்றீங்க?

— தம்பி, நீங்க அம்பிளியை எங்க வச்சுப் பாத்தீங்க?

— தொடுபுழையில, அவ பெரியம்மா வீட்டுல. அவங்க சொந்த வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கறதா தரகர் சொன்னாரு.

— எந்த வீட்டுக்கு அடிக்கறது? உங்களுக்குத் தண்ணி ஏறின அதே மழையில எங்களுக்கு மலை இறங்கிச்சு. வீடு, ஏலத்தோட்டம், தொழுவம், என் அக்கா, அத்தான், என் சம்சாரம், என் பையன். அம்பிளியை மட்டும் மறுநாள் மண்ணுக்குள்ள இருந்து உயிரோட எடுத்தாங்க. நான் கட்டப்பனைச் சந்தைக்குப் போயிருந்தேன். வீடு காண ஒருத்தன்தான் வந்திருக்கானேன்னு நினைச்சிருப்பீங்க. எங்க வீட்டுல ஒருத்தன்தான் மிச்சம்.

— தரகர் ஒரு வார்த்தை சொல்லலையே!

— நான்தான் சொல்லாதேன்னேன். குடும்பமே போன பொண்ணை யாரு எடுப்பா? தரித்திரம் பிடிச்சவளும்பாங்க. நீங்க சுவருக்கு மலையை ஒட்டினீங்க. நாங்க இல்லாத வீட்டுக்குப் பெயின்ட் அடிச்சோம்.

— அப்ப, இந்தக் கோடு…

— கோடு இருந்தா இருக்கட்டும் தம்பி, அதுக்குப் பின்னால சுவர் இருக்கே. தண்ணி வந்த வழியே திரும்பிப் போகுது. மண்ணு வந்தா அங்கயே குடியிருக்கும்.

— அப்படின்னா உங்களுக்குச் சம்மதமா மாமா?

— எனக்குச் சம்மதம்தான். பெரியம்மா மகனும் இவ இன்னும் எத்தனை நாளைக்கு இங்கன்னு கேட்க ஆரம்பிச்சுட்டான்.

— சேச்சி! கேட்டீங்களா? மலையைக் கிழிச்சே கல்யாணத்தை முடிச்சுட்டீங்க! இதைத்தான் மொத தடவையே பண்ணியிருக்கணும். சேர்த்தலைக்குப் போன் போடுங்க, மெஷினுக்கு எண்ணெய் விட்டு வைக்கச் சொல்லுங்க.

— சேர்த்தலையில யாரு?

— சேச்சியோட அக்கா. கல்யாணம் முடிஞ்சதும் சேச்சி அங்க போறாங்க.

— போறாங்களா? தரகர் வேற மாதிரி சொன்னாரே. ‘அண்ணன் பெண்சாதி ஒருத்தி இருக்கா, போக்கிடம் இல்லாதவ, கடைசி வரைக்கும் அங்கதான் இருப்பா’ன்னாரு.

— அந்த ஆளு யாரு என் போக்கிடத்தைப் பத்திப் பேச?

— கோபப்படாதே மகளே. நான் கேட்டதுக்குத்தான் அவர் சொன்னாரு.

— நீங்க எதுக்கு என்னைப் பத்திக் கேட்டீங்க?

— அம்பிளிக்கு மழைச் சத்தம் ஆகாது. ஓட்டு மேல சொட்டு விழுந்தா போதும், எழுந்து வெளிய ஓடிடுவா. எங்க ஓடறான்னு அவளுக்கே தெரியாது. ஆம்பளை யாரு பிடிச்சாலும் அலறுவா. நான் பிடிச்சாலும்தான். பொம்பளைக் கை பட்டா அடங்குவா. மழை நிக்கற வரைக்கும் ஒருத்தி இறுக்கிப் பிடிச்சு உக்காந்திருக்கணும். இப்ப பெரியம்மா பிடிக்கறாங்க.

— மாமா, இங்க… இங்க வருஷத்துல பாதி நாள் மழைதான்.

— தெரியும் தம்பி.

— அப்புறம் எதுக்கு இங்க கொண்டு வந்து கொடுக்கறீங்க? நீங்க பேசுங்க சேச்சி. சேச்சி?

— வேற யாரு கேட்டு வந்தாங்க, தம்பி? மழை பெய்யாத ஊர்ல இருந்து ஒருத்தன் வரட்டும்னு நானும் பாத்துட்டுத்தான் இருந்தேன். மகளே, எனக்கு வீட்டைப் பத்திக் கவலையே இல்லை. சுவிட்சு எங்க இருந்தா என்ன, பிரிட்ஜ் எங்க நின்னா என்ன. சும்மா கேட்டு வச்சேன், பொய் சொல்லாத ஆளு இந்த வீட்டுல யாருன்னு தெரியறதுக்காக. நான் வீடு காண வரலை. மழையில அவளைப் பிடிச்சுக்கப் போற உன்னைப் பாக்கத்தான் வந்தேன்.