என் வழியாகப் போகும் தாள்கள்

காலை ஒன்பதே முக்காலுக்கு நான்தான் பிரிண்டரில் தாள் நிரப்புவேன். வேறு யாரும் அதைச் செய்யமாட்டார்கள்.

நெய்யாற்றின்கரையில் கட்டட வரைபடம் போடும் அலுவலகம் எங்களுடையது. மேசைக்கு ஒரு யூனிக்ஸ் கணினி. எல்லாவற்றுக்கும் ஒரே பிரிண்டர். யார் எதை அச்சிட்டாலும் முதலில் என் கணினிக்கு வந்து, வரிசையில் நின்று, பிறகுதான் பிரிண்டருக்குப் போகும். அப்படி அமைத்தவன் நான். ஒழுங்கு வேண்டும் அல்லவா.

ஷைஜு கல்ஃபுக்குப் போனான். ஸ்ரீகலா பெங்களூருக்குப் போனாள். மதியச் சாப்பாட்டுக்கு நானும் ஸ்மிதாவும் மிஞ்சினோம். பலாக்காயில் அவள் செய்து கொண்டுவரும் சக்கைத் துவரனைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை.

ஒருநாள் அவளுடைய பயோடேட்டா வரிசையில் வந்து நின்றது. கணவன் தீபு கொச்சியில் தனியாக இருக்கிறான். அங்கேயே வேலை தேடுகிறாள். நான் தடுக்கவில்லை. தடுப்பது அநாகரிகம். தாளைச் சற்றே காக்கவைத்து, சின்ன நிரல் ஒன்று எழுதினேன். அன்று முதல் அவள் எடுக்கும் பயோடேட்டாவில் அவளுடைய கைபேசி எண் இருக்கும் இடத்தில் என் எண் வந்தது. சொந்த எண்ணை யாரும் படித்துப் பார்ப்பதில்லை.

கொச்சியிலிருந்து அழைத்தவர்களிடம் மரியாதையாகவே பேசினேன். ஸ்மிதாவின் கணவன் பேசுகிறேன், அவளை வேலைக்கு அனுப்புவதாக இல்லை என்றேன். என் மலையாளம் நன்றாக இருக்கும்.

ஒரு நிறுவனத்துக்கு அவள் நேரில் போய் விசாரித்திருக்கிறாள். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அழுதாள்.

"எல்லாத்தையும் கெடுத்தது எங்க தீபு சேட்டனாக்கும், அண்ணா. கேட்டா இல்லவே இல்லங்காரு."

"செஞ்சவன் செஞ்சேன்னா சொல்லுவான், மக்கா? நீ துவரனை இங்கோட்டு நீக்கி வை."

பல வாரம் அவள் தீபுவோடு பேசவில்லை. அந்த நாட்களில் அவளுக்கு ஆறுதலாக இருந்தவன் நான் ஒருவன்தான். இதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், சார்.

நேற்று தீபு அலுவலகத்துக்கு வந்தான். சண்டை போடவில்லை. ஸ்மிதாவின் பயோடேட்டாவை வாங்கி, மேலிருந்து கீழாக நிதானமாகப் படித்தான். ஓர் இடத்தில் நின்றான். அங்கிருந்த எண்ணைத் தன் கைபேசியில் அழுத்தினான்.

என் சட்டைப்பையில் மணி அடித்தது. அலுவலக நேரத்தில் சொந்த அழைப்புகளை எடுப்பது என் வழக்கமல்ல.

ஸ்மிதா அவனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அண்ணா, ஒங்களுக்க போனாக்கும் அடிக்கு. எடுக்கல்லியா?"