இனாயத்துல்லா சொன்ன சாட்சி

— வேணாம் தங்கச்சி, திரை அப்படியே இருக்கட்டும். நான் இந்தக் கடை பெஞ்சுலயே உக்காந்துக்கறேன். பேசுறது உள்ளே கேக்குதுல்ல?

— கேக்குது நானா. ஆனா தொண்டை ஏன் இப்படி? இனாயத்துல்லா கடைவீதியில பேசினா துறைமுகத்துல கேக்கும்னு உங்க கூட்டாளி, என் சைதாவைப் பெத்த அத்தா, கேலி பண்ணுவாக.

— அந்த ஊர்ப் பனி தின்னுருச்சு. ஜெயில் தரை வேற ஈரம். என்னமோ போ, மூச்சாவது மிஞ்சிச்சே.

— நான் சுத்தி வளைக்காமக் கேட்டுடறேன். எங்க வீட்டுக்காரர் துறைமுகத்துக்குத் துணி மூட்டை எடுக்கப் போயிருக்காக. அசர் தொழுகைக்கு அப்புறம் பள்ளிவாசல்ல காஜியார் உங்களைக் கூப்பிட்டு விசாரிக்கப் போறாக. அதுக்கு முந்தி எனக்குத் தெரியணும். சைதா அத்தா உயிரோட இருக்காகளா, இல்லையா?

— அதைக் காஜியார் எதுக்கு இப்ப விசாரிக்கணும்?

— உங்களுக்கு ஒருத்தரும் சொல்லலையா? கிலாபத்துன்னு ரெண்டு பேரும் இந்தப் பர்மாவை விட்டுக் கிளம்பினீங்க. காபூல் வழியா ருஷ்ய தேசம் போயிட்டாகன்னு காத்துவாக்குல கேட்டதோட சரி. கடைசியில கல்கத்தாக் கப்பல்ல வந்த ஒரு ஆளு, அவுக தாஷ்கண்டுல மௌத்தாயிட்டாகன்னு சொன்னாரு. அழுதேன். நாலு மாசம் பத்து நாள் வெள்ளைச் சேலை கட்டி இத்தா இருந்தேன். அப்புறம் ஜமாஅத்துப் பெரியவுகளே பேசி இப்ராஹிமுக்கு நிக்காஹ் பண்ணி வெச்சாக. தொட்டில்ல ஒரு புள்ளை தூங்குது. இப்ப நீங்க திரும்பி வந்ததும் ஊரு வாயைத் திறந்துருச்சு. இனாயத்துல்லா வந்தா அவுகளும் வரலாமேங்கிறாக. முதல் புருஷன் உயிரோட இருந்தா என் நிக்காஹ் நிக்காது நானா. அப்ப என் புள்ளையை ஊரு என்னன்னு கூப்பிடும்னு நான் வாயால சொல்லணுமா?

— சொல்ல வேணாம். உனக்கு நிக்காஹ் எப்ப ஆச்சு?

— போன வருஷம், நோன்புக்கு முந்தி.

— உன் சைதா அத்தா ரவூப் ஜெயில்ல மௌத்தானது அதுக்கும் முந்தின பனிக்காலம். நான்தான் குளிப்பாட்டினேன். நான்தான் குழி வெட்டி அடக்கினேன். காஜியார்கிட்டயும் இதையே சொல்லுவேன். நீ நிம்மதியா இரு தங்கச்சி.

— அல்லாவே!

— லத்தீபா? இருக்கியா?

— இருக்கேன். இன்னொரு தடவை அழ வேண்டியிருக்கும்னு நினைக்கலை. அதான். இருங்க, தேத்தண்ணி வரும். குடிச்சுக்கிட்டே சொல்லுங்க. எதுக்கு ஜெயிலு? யாரோட சண்டைக்குப் போனாக? கடைப் பையனை அதட்டக்கூடத் தெரியாத மனுஷன்.

— சண்டைக்கெல்லாம் போகலை. அந்த நாட்டை நம்பினான், அவ்வளவுதான். நம்பாம என்ன செய்வான் சொல்லு. இங்கே துறைமுகத்துல மூட்டை தூக்குறவனைத் துரை பூட்ஸ் காலால எத்துறான். அங்கே மூட்டை தூக்குறவன் நாற்காலியில உக்காந்து கூட்டத்துல பேசுறான். அதைப் பாத்ததும் ரவூப்புக்கு அந்த ஊரு பிடிச்சுப் போச்சு. லத்தீபாவையும் சைதாவையும் இங்கேயே கூட்டிட்டு வந்துடலாம்னு சொன்னான்.

— அப்படியா சொன்னாக?

— சொன்னான். அப்புறம் அந்த ஊரோட பெரிய தலைவரு மௌத்தானாரு. அந்தக் குளிர்ல தெருத் தெருவா நின்னு ஜனங்க அழுதுச்சு. பயந்தும் அழுதுச்சு, பாசத்துலயும் அழுதுச்சு. அவரு இருந்த வரைக்கும் சட்டமும் அவருதான், அதட்டலும் அவருதான். ஆனா அவரு போனதும் பிடி கொஞ்சம் தளர்ந்துச்சு தெரியுமா. பூட்டிக் கெடந்த பள்ளிவாசலுக்கு ஓடு மாத்தினாங்க. கடை வெச்சுக்கலாம்னாங்க. கூட்டத்துல எழுந்து, அதிகாரி செய்யறது தப்புன்னு சொன்னாக்கூடக் கையைத் தட்டினாங்க. ரவூப் ஒரு சின்ன ஜவுளிக் கடை போட்டான். இனிமே இந்த நாடு நல்லா வரும், பாருன்னு என்கிட்ட தினம் சொல்லுவான்.

— அவுகளுக்கு எல்லாமே நல்லா வரும். இந்த மழை நின்னுரும்னு சொல்லிட்டு குடை இல்லாமப் போய் நனைஞ்சு வருவாக.

— ஆமா. அங்கேயும் அப்படித்தான் நனைஞ்சான். மேல இருந்தவங்களுக்குள்ள யாரு பெரியவன்னு இழுபறி. ஒருத்தன் ஜெயிச்சான். ஜெயிச்சவன் பிடியை இறுக்கினான். கூட்டத்துல யாரெல்லாம் தைரியமா எழுந்து பேசினாங்களோ, அவங்களைத்தான் முதல்ல கொண்டு போனாங்க. பேசு பேசுன்னு சொல்லிப் பேச வெச்சதே ஆளு அடையாளம் பாக்கத்தானோன்னு தோணுச்சு. பள்ளிவாசல்ல தானியம் கொட்டிப் பூட்டினாங்க. கடை வெச்சவனெல்லாம் ஏழையோட விரோதின்னாங்க. அவங்கதான் வெக்கச் சொன்னாங்க.

— சைதா அத்தா கூட்டத்துல என்ன பேசினாக?

— ஒண்ணும் பேசலை. அவன் மாட்டுனது நம்ம ஊர் வழக்கத்தால. துண்டு போட்டுப் பேரம் பேசுவோமே.

— கைமேல துண்டைப் போட்டு, விரலைப் பிடிச்சு விலை சொல்றதா? அதுக்கா ஜெயிலு?

— அவங்களுக்கு அது என்னன்னு தெரியலை தங்கச்சி. புகாராவிலேருந்து ஒரு வியாபாரி வருவான். ரெண்டு பேரும் துண்டுக்கடியில கையை விட்டு, வாயைத் திறக்காம நிக்கிறாங்க. எதிர்ல ஒரு உளவு ஆளு பாத்துக்கிட்டே இருந்திருக்கான். அந்தப் புகாராக்காரன் மேல வேற சந்தேகம். பிடிச்சுட்டுப் போய், துண்டுக்குள்ள என்ன சதி பேசினேன்னு கேட்டாங்க. ஜவுளி விலைன்னான். என்ன விலைன்னாங்க. அதைச் சொல்ல மாட்டேன்னுட்டான்.

— ஏன்? சொல்லிட்டு வர வேண்டியதுதானே.

— எதிராளி விலையை மூணாவது ஆளுகிட்ட சொல்றதில்லையே. சொன்னா அந்தப் புகாராக்காரன் மத்தவன்கிட்ட வியாபாரம் பண்ண முடியுமா? பெரிய தர்மம் பண்ணதா நினைப்பு. அடிச்சாங்க. அப்பவும் சொல்லலை. ஒரு விலையை இவ்வளவு அடிக்கு மறைப்பானா, இது சதிதான்னு முடிவு கட்டிட்டாங்க. அதுல ஒரு சதியும் இல்லை, பாவம். அவன் மூணு விரலைப் பிடிச்சான், கட்டாதுன்னு ரெண்டு விரலுக்கு இறக்கி, அரை விரல் கூட்டி முடிச்சது. ஒரு சிவப்புப் பூ போட்ட துணி. அவ்வளவுதான்.

— அரை விரல் கூட்டினதா?

— ம்.

— துண்டுக்குள்ளதானே நானா?

— ஆமா… பின்னாடி ஜெயில்ல வெச்சு என்கிட்ட சொன்னான். சொல்லியிருப்பான்.

— சரி, இருக்கட்டும்.

— யாரோ ஒரு புள்ளை தேத்தண்ணி கொண்டாந்து வெச்சுட்டு ஓடிருச்சே. பர்மா பாஷையில என்னமோ சொல்லிச்சு.

— சூடு, பாத்துக் குடிங்கன்னு சொல்லுது. அதான் சைதா. அவுக கிளம்பும்போது தவழ்ந்துக்கிட்டிருந்தா. இப்பப் பள்ளிக்கூடத்துல எல்லாரும் பர்மாக்காரப் பொண்ணு மாதிரி மா சைதாங்கிறாங்க. காலையில மீன் சாறு ஊத்தின மொஹிங்கா இல்லைன்னா வீட்டையே தலைகீழாக்கிருவா. தமிழ் சொன்னா புரியும். பதில் மட்டும் பர்மாவுலதான்.

— நல்லா இருக்கா. நெத்தி அகலமா… ரவூப் மாதிரி.

— அந்த நெத்தியை அவ இப்ராஹிம் தோள்ல சாச்சுக்கிட்டுத்தான் தூங்குவா. நல்ல மனுஷன் நானா. வேத்துப் புள்ளைன்னு ஒரு நாளும் பாத்ததில்லை. நான் சும்மா சொல்லலை. இதை உங்ககிட்ட சொல்லணும்னு இருந்துச்சு.

— சொன்னது நல்லது. கேக்கத்தான் வந்தேன்.

— நானா, தேத்தண்ணி ஆறுது.

— குடிக்கிறேன். குளிர் ஊருல இருந்துட்டு வந்தவனுக்கு இதுவே சூடுதான்.

— இங்கேயே இருப்பீகளா?

— எங்கே இருக்கிறது. ருஷ்யாவிலேருந்து வந்தவன்னு தெரிஞ்சதும் இங்கே போலீசு பின்னாடியே வருது. அங்கே கேட்டான், உன்னை வெள்ளைக்காரன் அனுப்பினானான்னு. இங்கே கேக்குறான், உன்னை ருஷ்யாக்காரன் அனுப்பினானான்னு. சிரிப்புத்தான் வருது. மாவ்பிப் பக்கம் நெல்லு வயல்ல வேலை இருக்காம். காஜியார்கிட்ட சாட்சி சொல்லிட்டு அப்படியே போயிருவேன். இந்தப் பக்கம் வரமாட்டேன்.

— பள்ளிவாசல்ல உங்களைத் தெரிஞ்ச பழைய ஆளு யாராச்சும் இருக்காகளா?

— ஒருத்தரும் இல்லை. இருந்தாலும் இந்த மூஞ்சியைப் பாத்து யாருக்குத் தெரியும். பல்லும் போச்சு. அல்லா கூட ரெண்டு தடவை பாத்துத்தான் அடையாளம் கண்டுபிடிக்கணும்.

— அப்படிச் சொல்லாதீக.

— இன்னொண்ணு தங்கச்சி. இதைக் காஜியார்கிட்டயும் சொல்லப் போறேன். ரவூப் இங்கேருந்து கப்பல் ஏறின அன்னைக்கே என் முன்னாடி வாய்விட்டுச் சொன்னான். நாலு வருஷத்துக்குள்ள நான் திரும்பலைன்னா லத்தீபாவுக்கு என் தலாக் விழுந்ததா வெச்சுக்கணும், அவ இஷ்டப்படி வாழட்டும்னு. நாலு வருஷம் எப்பவோ தாண்டியாச்சு. அதனால அவன் இருந்தாலும் சரி, செத்தாலும் சரி, உன் நிக்காஹுக்கு ஒரு குறையும் வராது. உன் புள்ளையை ஒருத்தன் ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

— நீங்கதான் உங்க கையால அடக்கினேன்னு சொல்லிட்டீகளே.

— ஆமா. அடக்கினேன்.

— அடக்கினவுகளுக்கு இது எதுக்கு நானா?

— ஒரு பாதுகாப்புக்குத்தான். ஊரு வாயி நாளைக்கு எப்படித் திரும்பும்னு யாரு கண்டா. உன் மனசுலயும் உறுத்தல் இருக்கக் கூடாதில்ல.

— அங்கே ஜெயில்ல, ஒருத்தரை நீங்க அடக்கினது மெய்தானா?

— அது மெய். அல்லா மேல ஆணையா மெய். ரொம்ப நல்லவன். கடைசி வரைக்கும் உரக்கப் பேசிக்கிட்டே இருந்தான். அவன் பேருலதான் விடுதலைக் கட்டளை வந்துச்சு. அவன்தான் இல்லை. அந்தக் கட்டளையில இன்னொருத்தன் வெளியே வந்தான்.

— அவரை அல்லா பொருந்திக்கட்டும்.

— ஆமீன். தொட்டில்ல புள்ளை முழிச்சுக்கிச்சு போல. நீ போய்ப் பாரு. நான் கிளம்புறேன்.

— கொஞ்சம் நில்லுங்க. எனக்கு இந்தத் திரையை விலக்கத் தைரியம் இல்லை. விலக்கினா இந்த வீடு நிக்காது. அதனால இங்கேருந்தே சொல்றேன். நான் உங்களை ஒரு நாளும் வெறுத்ததில்லை.

— தெரியும். வரேன் தங்கச்சி.

— மழை பெஞ்சு படியெல்லாம் ஈரமா இருக்கு. பாத்து இறங்குங்க, சைதா அத்தா.