கோடை முடியட்டும் என்றோம்

குடிநீர் வழங்கல் அலுவலகத்தின் புகார்ப் பிரிவைப் பொறுமையாலும் புன்னகையாலும் ஆண்ட கண்காணிப்பாளரே! காலிக் குடத்தோடும் கடுங்கோபத்தோடும் வந்தவரை நாற்காலியில் அமர்த்தி, நயமாய்ப் பேசி, நல்ல பதிலோடு அனுப்பிய நல்லவரே! எங்கள் அனைவருக்கும் அக்காவே! பணி நிறைவு பெறும் தங்களுக்குத் தலைகுனிந்து எழுதிய மடல் இது. குனிந்தது பணிவினால் என்று அவையோர் எண்ண வேண்டாம், வெட்கத்தினால்தான்.

இம்மடலின் முதல் வரைவில், "மாற்றல் கேளாத மாண்பே, ஒரே இருக்கையில் ஒளிர்ந்த விளக்கே" என்று எழுதியிருந்தோம். ஓய்வு பெறுபவரிடமே மடலைக் காட்டிப் பிழை திருத்திக்கொள்வது நம் அலுவலக வழக்கம். தாங்கள் அந்த வரியின்மேல் விரலை வைத்து, "நான் வருஷா வருஷம் கேட்டேனே. நீங்கதான் விடல" என்றீர்கள். குரலில் கோபம்கூட இல்லை. தட்டச்சர் எழுந்து வெளியே போய்விட்டார்.

மாற்றல் என்னும் சொல்லை எங்களைப்போல் புழங்கியவர் யார்! தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன் என்று மேலதிகாரி மிரட்டுவார். அதையும் குடிநீர் அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டே மிரட்டுவார். ஓட்டுநருக்கு அந்தச் சொல் பிள்ளைக்குப் பள்ளி தேடும் பாடு. கணக்கருக்கோ மாமியாரிடமிருந்து விடுதலை. தங்களுக்கு அதன் பொருள், கணவர் வேலை பார்க்கும் ஊரில் அவரோடு ஒரே வீட்டில் இருப்பது. அதை நாங்கள் அறியாதவர்கள் அல்லர்.

மாற்றல் கேட்கும் காலமும் கோடை, தண்ணீர்த் தட்டுப்பாடும் கோடை. "கோடை முடியட்டும் அக்கா" என்று ஒவ்வொரு முறையும் கையைப் பிடித்துக்கொண்டோம். மழை வரும்போது மாற்றல் காலம் முடிந்திருக்கும். தாங்கள் இல்லாமல் அலுவலகமே ஓடாது என்று புகழ்ந்து, எங்கள் சோம்பலுக்குப் பாராட்டு என்று பெயர் சூட்டினோம். தங்கள் கணவர் பேருந்தில் வந்து, மடியில் பையோடு வாசல் பெஞ்சில் காத்திருப்பார். அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து, தாங்கள் போய்விட்டால் எங்களுக்குக் கை ஒடிந்த மாதிரி என்று அவரிடமே சொன்னோம். அவரும் பாவம், சிரித்துவைத்தார்.

இந்தக் கோடைக்கும் தாங்களே இருக்கவேண்டும் என்று, தங்களைக் கேளாமலே ஓராண்டுப் பணி நீட்டிப்புக்கு அனுமதி வாங்கியிருந்தோம். இன்ப அதிர்ச்சியாக இம்மேடையில் அறிவிப்பதாக இருந்தோம். மாற்றலுக்கு மனம் வராத மேலிடம் இதற்கு மட்டும் உடனே சம்மதித்தது. நேற்று எல்லோருமாகப் போய் அதை ரத்து செய்யச் சொன்னோம். அப்படியானால் புகார்ப் பிரிவை யார் பார்ப்பது என்று மேலதிகாரி கேட்டார்.

"நாங்க பாத்துக்கிறோம் சார்" என்றார் கணக்கர்.

அவ்வளவுதான். மேலதிகாரி உடனே ரத்து ஆணையில் கையெழுத்திட்டார். எங்களில் ஒருவர் முதல் கோடையிலேயே இதைச் சொல்லியிருந்தால் போதும், அக்கா.

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஐயா, இவரை அழைத்துச் செல்லுங்கள். எந்தக் கோப்பு எங்கே என்று கேட்டுத் தொலைபேசியில்கூடத் தொந்தரவு செய்யமாட்டோம். நீங்கள் இருவரும் நோயின்றி, நெடுங்காலம், ஒரே கூரையின்கீழ் வாழவேண்டும். வாழ்த்தும் தகுதி எங்களுக்கு இல்லை. ஆயினும் மனதார வாழ்த்துகிறோம்.

மன்னிப்பை வேண்டும்,
புகார்ப் பிரிவு ஊழியர்கள்