கன்னியம்மாவின் டிபன் பாக்ஸ்

எனக்குச் சர்க்கரை போடாத டீ போதும், சார். பதினெட்டு வருஷமாக அப்படித்தான் குடிக்கிறேன். காக்களூர் தொழிற்பேட்டையில், ஸ்டிக்கர் அச்சடிக்கும் கம்பெனியில் சூப்பர்வைசர். குப்புராஜ் என்றால் எல்லோருக்கும் தெரியும்.

ஹெலிகாப்டரின் அவசரக் கதவுக்கு ஒட்டும் ஸ்டிக்கர் லேசுப்பட்டதல்ல. எழுத்து இத்தனை உயரம், சிவப்பு இந்தச் சிவப்பு, இருட்டிலும் ஒளிர வேண்டும் என்று ஆயிரத்தெட்டு விதி. கைப்பிடியை எந்தப் பக்கம் திருப்புவது என்று காட்ட ஒரு வளைந்த அம்பு. உயிர் போகிற நேரத்தில் எவன் எழுத்துக்கூட்டிப் படிப்பான்? அம்பைத்தான் பார்ப்பான்.

2006 ஆயுத பூஜைக்கு மிஷின், அச்சுச் சட்டம் ஒன்று விடாமல் நானே சந்தனம் குங்குமம் வைத்தேன். ஒரு சட்டத்தில் மை இறங்கும் வலைத்துணியில் சந்தனம் காய்ந்து அடைத்துக்கொண்டது. மறுநாள் அடித்த நாற்பது ஸ்டிக்கரிலும் அம்புக்குத் தலை விழவில்லை, வெறும் வளைந்த கோடு. கண்டுபிடித்தது செக்கிங்கில் இருந்த கன்னியம்மா. திருவாலங்காட்டிலிருந்து ரயிலில் வருகிறவள், இங்கிலீஷில் ஓர் எழுத்து தெரியாது.

சரக்கு ஏற்ற வண்டி வாசலில் நின்றது. மார்க்கரை எடுத்து நாற்பதுக்கும் நானே தலை வரைந்தேன். மேல்முனையில்.

"சார், தல கீழ இல்ல இருந்துச்சு?" என்றாள், பத்துப் பேர் எதிரில்.

"இன்னாம்மா, எனக்கே பாடம் எடுக்கிறியா? வேலைய பாத்துக்கினு போ."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் திருப்தியாக இருந்தது.

சாயங்காலம் வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. ஹெலிகாப்டர் கம்பெனியில் அதை ஒட்ட இன்னும் ஆறு நாள் இருந்தது. போன் என் மேசைமேல்தான் இருந்தது. ஆனால் யோசியுங்கள் சார், போன் செய்தால் திரும்பி வரும் பெட்டியைப் பிரிக்கப்போவது அவள். அதே பத்துப் பேர் எதிரில். எனக்கு மனசு வரவில்லை.

மூன்று மாதம் கழித்து, அந்த ஸ்டிக்கர் ஒட்டிய ஹெலிகாப்டர் ஒன்று பழவேற்காடு ஏரியில் கவிழ்ந்து விழுந்தது. இடுப்பளவுத் தண்ணீர். கதவு திறந்திருந்தால் நடந்தே கரையேறியிருக்கலாம். உள்ளே மூழ்கிச் செத்த மூன்று பேரும் மாற்றி மாற்றி மேல்பக்கமே நெம்பியதில் கைப்பிடி வளைந்துபோயிருந்ததாம். பாவம்தான்.

மார்க்கர் பிடித்தது கன்னியம்மா என்று சொன்னேன். செக்கிங் ரிஜிஸ்டரில் அவள் கைநாட்டு இருந்தது, நம்பினார்கள். வேலைக்குப் பயந்து அந்தப் பத்துப் பேரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பதினொரு மாதமாக ஜெயிலில் இருக்கிறாள். பிள்ளையைக் கேட்டு அழுகிறாளாம்.

மிஞ்சிய ஸ்டிக்கரை டிபன் பாக்ஸில் ஒட்டிக்கொள்வது எங்கள் கம்பெனிப் பெண்களின் வழக்கம். இப்போது உங்கள் மேசையில் இருக்கிறதே, அது அவளுடையது. பூஜைக்கு முன்பு அடித்த ஸ்டிக்கர். அம்பின் தலை கீழே இருக்கிறது. தினமும் அதைப் பார்த்துச் சாப்பிட்டவள் எப்படி மேலே வரைவாள் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி.

வரைந்தது நான். தெரிந்தும் சும்மா இருந்தது நான். அவள்மேல் பழி போட்டதும் நான். அவளை வீட்டுக்கு அனுப்புங்கள், வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். மேலே திருப்பித் திறக்கவில்லை என்றால், மனுஷன் ஒரு தரம் கீழே திருப்பிப் பார்க்க மாட்டானா, சார்?