குறடு படாத கூடுகள்

காபி நன்றாக இருக்கிறது, ஷெரிஃப். எங்கள் துப்பாக்கி கிளப்பில் இப்படிக் கிடைக்காது.

சொல்கிறேன். அவசரமில்லை.

ராணுவம் கழித்துக்கட்டிய பித்தளைத் தோட்டாக் கூடுகளில் மறுபடி மருந்து நிரப்பிச் சுடுகிறவன் நான். மொன்டானாவில் எங்கள் பக்கம் பாதிப்பேர் செய்கிற வேலைதான். பித்தளைக்கும் ஆயுள் உண்டு. பலமுறை சுட்ட கூட்டில், அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே உட்புறம் தேய்ந்து பள்ளம் விழும். வளைத்த கம்பியை உள்ளே விட்டுத் தடவினால் நுனி தட்டும். வெளியே மெல்லிய பளபளப்புக் கோடு ஒன்று தெரியும். அப்படிப்பட்ட கூடு சுடும்போது அங்கேயே பிளந்துவிடும்; அதன் வாயைக் குறடால் நசுக்கிவிட வேண்டும். நசுங்காமல் தரையில் கிடந்தால் நல்ல கூடு, யாரும் எடுத்துக்கொள்ளலாம். எங்களுக்குள் எழுதாத சட்டம்.

லைல் ஹௌகன் கம்பி விட்டுப் பார்க்கிறவன் அல்ல. மற்றவர்கள் விட்டுப்போனதைத் தொப்பியில் அள்ளிக்கொண்டு போய் நிரப்புவான். இலையுதிர்காலப் போட்டியில் அவனே ஜெயிப்பான். அதில் எனக்கு வருத்தமில்லை.

நான் வேலை செய்யும்போது பக்கத்தில் வந்து நிற்பான்.

"என்ன ஆர்லன், கம்பிய விட்டு என்ன தேடுற? தோட்டாவுக்குக் காது குடையிறியா?"

"நீயும் பாரு லைல். ஒருநாள் மூஞ்சிலயே வெடிக்கும்."

"வெடிச்சா வெடிக்கட்டும். நீ ஒண்ண நிரப்புறதுக்குள்ள மான் குட்டி போட்டு, அந்தக் குட்டிக்கும் கொம்பு மொளச்சிடும்பா."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். நல்ல வேடிக்கை. பதினோரு வருடமாக அதே வேடிக்கை.

போன குளிர்காலத்தில் கழித்த கூடுகளை நான் நசுக்கவில்லை. குறடு பிடித்தால் மணிக்கட்டு வலிக்கிறது. பள்ளம் ஆழமானவையாக அறுபது பொறுக்கினேன். ஒவ்வொன்றிலும் மூன்று முறை கம்பி விட்டு உறுதிசெய்தேன். பிறகு உருளையில் போட்டு, வால்நட் ஓட்டுத் தூளில் சுற்றவிட்டு மெருகேற்றினேன். கூடு முழுவதும் பளபளத்தால் அந்தக் கோடு தனியாகத் தெரியாது. எதையும் அழுக்காக விட்டுவைப்பது என் வழக்கமில்லை.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை அவற்றைச் சுடுதளத்தில் ஏழாம் மேசைக்குக் கீழே கொட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். லைல் சுடுவது ஏழாம் மேசையில். ஆனால் என் கையால் அவனுக்கு எதையும் கொடுக்கவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்புக் கண்ணாடியை அவன் நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் குறி பார்ப்பான். அதுவும் எனக்குத் தெரியும். கிளப்பில் யாருக்குத்தான் தெரியாது?

மூன்றாம் வாரம் அவற்றில் ஒன்று அவன் முகத்தருகே வெடித்தது. வலது கண் போய்விட்டது. என் ட்ரக்கில்தான் மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் கட்டுப்போட்ட முகத்தோடு எல்லோரிடமும் சொன்னான். "ஆர்லன் தலபாடா அடிச்சுக்கிட்டான். நான்தான் கேக்கல. எல்லாம் என் அஜாக்கிரதை."

அவன் மனைவி நோரீன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் அவனை அங்கேயே மன்னித்துவிட்டேன்.

அத்தோடு விட்டிருப்பேன். ஆனால் ஒரு மாதமாக ஊரில் இதே பேச்சு. உணவகத்தில் லைலின் அஜாக்கிரதை, தேவாலய வாசலில் லைலின் அஜாக்கிரதை. கிளப் பலகையில்கூட எழுதி ஒட்டிவிட்டார்கள். கேட்கக் கேட்க எனக்குத் தாங்கவில்லை. அதனால்தான் நானாக வந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள், ஷெரிஃப். அது அஜாக்கிரதையால் நடந்ததல்ல. நான் செய்தது. இவ்வளவு கவனமாக இந்த மாவட்டத்தில் வேறு யாராலும் செய்திருக்க முடியாது.