வாசிக்கவில்லை என்று சொன்னவன்

எனக்கு விலாங்கு மீன் ஒத்துக்கொள்ளாது. தின்றால் வயிறு பொருமிக்கொண்டே இருக்கும். இது தெரிந்தும் அன்று ஆயர் மாளிகை விருந்தில், மாவுக்குள் வைத்துச் சுட்ட விலாங்கில் பெரிய துண்டு ஒன்றை மறுபேச்சில்லாமல் தின்று முடித்தேன். தட்டை என் பக்கம் தள்ளியவர் சர் ஜெர்வாஸ். லண்டனில் அரசரின் அதிகாரி, எங்கள் ஊரில் நிலபுலன் உள்ளவர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் வருஷக்கணக்கில் இழுத்த வழக்கும் மறுவாரமே முடிந்துவிடும். எங்கள் ஆயர் டன்ஸ்டனுக்கு ஆற்றங்கரை ஆலையைப் பற்றி அப்படியொரு வழக்கு இழுத்துக்கொண்டிருந்தது. அதனால்தான் விருந்து.

நீங்கள் விசாரிக்க வந்தவர்கள். நான் எதையும் மறைக்கப் போவதில்லை. மறைக்கும் அளவுக்கு எனக்குச் சாமர்த்தியம் இருந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

என் வேலை உங்களுக்குத் தெரியும். அரசரின் நீதிபதி எங்கள் ஊருக்கு வந்து விசாரணை நடத்தும்போது, ஆயரின் சார்பில் ஒரு பாதிரியார் அங்கே உட்கார வேண்டும். அம்புரோஸ் என்கிற நான்தான் அந்தப் பாதிரியார். தூக்குத் தண்டனைக்கு உரிய குற்றவாளி எவனாவது, எனக்கு வாசிக்கத் தெரியும், நான் திருச்சபையின் ஆள் என்று சொன்னால், அவன் கையில் லத்தீன் வேதத்தின் சங்கீதப் புத்தகத்தைக் கொடுப்பேன். திருச்சபையின் ஆளை அரசரின் நீதிமன்றம் தூக்கில் போட முடியாது, வாசிக்கத் தெரிவதுதான் அதற்கு அத்தாட்சி. "வாசிக்கிறானா?" என்று நீதிபதி கேட்பார். வாசிக்கிறான் என்று நான் சொன்னால் கட்டைவிரலில் சூடு போட்டு அனுப்பிவிடுவார்கள். இல்லை என்றால் கயிறு.

நான் எப்போதும் வாசிக்கிறான் என்றுதான் சொல்வேன். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தவனையும் விட்டிருக்கிறேன். ஒரு தச்சன், மனப்பாடம் செய்து வந்த வரியைப் புத்தகம் திறப்பதற்கு முன்பே ஒப்பித்துவிட்டான். "பார்க்காமலே வாசிக்கிறானே, பெரிய படிப்பாளிதான்" என்று நீதிபதி சொல்ல, மண்டபமே சிரித்தது. அவனையும் விட்டேன். எனக்கு இளகிய மனசு என்று ஊரில் பேர். உண்மையில் என் லத்தீன் அவர்கள் லத்தீனைவிடப் பெரிதாக ஒன்றும் ஒசத்தி இல்லை. என் மாமா ஆயரின் வேட்டை நாய்களைப் பார்த்துக்கொண்டார். அந்தத் தகுதியில்தான் எனக்கு இந்த அங்கி கிடைத்தது.

அன்றைய விருந்துக்கு வருகிறேன். மறுநாள் விசாரணைக்கு வரவிருந்தவன் கில்பர்ட் ஹேசல் என்ற விவசாயி. சர் ஜெர்வாஸின் ஆட்டைத் திருடினான் என்று வழக்கு. வேலியைத் தாண்டித் தன் புல்வெளிக்கு வந்த ஆடு என்று அவன் சொன்னான். அந்த வேலியைப் பற்றி இருவருக்கும் பழைய தகராறு உண்டு. சாப்பாட்டுக்கு நடுவில் சர் ஜெர்வாஸ், "அந்த கில்பர்ட் விஷயம் நாளைக்கு வருதாமே" என்றார். "வருது, வருது. நம்ம அம்புரோஸ்தான் அங்க இருக்கப் போறான்" என்றார் ஆயர். சர் ஜெர்வாஸ் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, மீன் தட்டைத் தள்ளினார். பிறகு பேச்சு நாய்களுக்குப் போய்விட்டது.

அவ்வளவுதான். பெரிய மனிதர்கள் எங்கள் பக்கம் எதையும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். கேட்பதற்கு முன்பே புரிந்துகொண்டு செய்கிறவன்தான் மேலே போவான். எனக்குப் பேராலயத்தில் ஓர் இருக்கை, நல்ல வருமானமுள்ள பதவி, வேண்டும் என்று நெடுநாள் ஆசை. கில்பர்ட் ஒழிந்தால் வேலித் தகராறும் ஒழியும், புல்வெளியும் சர் ஜெர்வாஸ் கைக்குப் போகும், ஆலை வழக்கும் முடியும் என்று என் மூளை விறுவிறுவென்று கணக்குப் போட்டது. அந்த மூளையை அன்று நானே மெச்சிக்கொண்டேன், போங்கள்.

மறுநாள் குற்றம் உறுதியானது. கில்பர்ட் புத்தகம் கேட்டான். எல்லாரும் மனப்பாடம் செய்து வரும் வழக்கமான பக்கத்தைத் தராமல் வேறொரு பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். அவன் வாசித்தான். சிறு வயதில் மடத்தில் படித்தவனாம். ஒரு சொல்லில்கூடத் தடுமாறவில்லை. நான் தப்பாகவே உச்சரித்து வந்த இரண்டு சொற்களை அன்றுதான் சரியாகக் கேட்டேன்.

"வாசிக்கிறானா?"

"வாசிக்கவில்லை" என்றேன்.

நான் வேடிக்கை செய்கிறேன் என்று நினைத்து மண்டபம் சிரித்தது. கில்பர்ட்டும் சிரித்தான். எனக்குக் கேட்கவில்லை போலும் என்று எண்ணி, குரலை உயர்த்தி முதலிலிருந்து வாசித்தான். நான் தலையை அசைத்தேன். இன்னும் சத்தமாக வாசித்தான். கடைசியில் கிட்டத்தட்டக் கத்தினான், அப்போதும் உச்சரிப்பில் ஒரு பிசகில்லை.

"என் காதுல நல்லாத்தானே விழுது?" என்றார் நீதிபதி.

"அதைச் சொல்ல வேண்டியது திருச்சபை, ஐயா" என்றேன்.

"தலைகீழாப் பிடிச்சவனெல்லாம் வாசிச்சான்னு சொன்னீங்க. இவன் வாசிக்கலயாக்கும்? சரி, உங்க ஆளு, உங்க பாவம்" என்று தீர்ப்பை எழுதச் சொன்னார். காலையில் தூக்கு.

மாலைப் பூசை முடிந்து ஆயரிடம் போனேன், பாராட்டு வாங்க. உள்ளே சர் ஜெர்வாஸ் முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தார்.

"அடப்பாவி, என்ன காரியம் பண்ணிட்டு வந்திருக்கே?" என்றார் ஆயர். "அந்த கில்பர்ட் பொண்டாட்டிதான் சர் ஜெர்வாஸ் புள்ளைக்குப் பால் குடுத்து வளர்த்தவ. வழக்குப் போட்டது இவரு காரியஸ்தன், இவரு இல்ல. அவனை விட்டுரச் சொல்லிக் கேக்கத்தான் இவரு நேத்து வந்தாரு."

"கேட்கவே இல்லையே, ஆண்டகை."

"எதுக்குக் கேக்கணும்? நீதான் கழுதையக் கொண்டுவந்து நிறுத்தினாலும் வாசிக்குதுன்னு சொல்றவனாச்சே. இப்பவே ஓடு. நீதிபதிகிட்ட காது சரியாக் கேக்கலன்னு சொல்லு. எம் மானம் போனாலும் பரவால்ல."

ஓடினேன். உண்மையிலேயே ஓடினேன், என் உடம்புக்கு அது சின்ன விஷயமில்லை. நீதிபதி தங்கியிருந்த சத்திரத்தின் கதவுவரை போனேன். உள்ளே அவரும் எழுத்தர்களும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவன் என் குரலில் "வாசிக்கவில்லை" என்று சொல்லிக் காட்ட, எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் கதவைத் தட்ட வேண்டியதுதான். தட்டினால் அந்தச் சிரிப்புக்கு நடுவே போய் நிற்க வேண்டும். அந்தக் கதை லண்டன்வரை போகும். செவிட்டுப் பாதிரி என்ற பேர் சாகும்வரை ஒட்டிக்கொள்ளும்.

கை உயரவில்லை. திரும்பி வந்து, நீதிபதி முடியாது என்று சொல்லிவிட்டார் என்றேன். ஆயர் நம்பினார். சர் ஜெர்வாஸ் நீதிபதியைத் திட்டினார். அந்த நீதிபதி சொல்லித்தான் இன்று நீங்கள் வந்திருக்கிறீர்கள். அவர் சொன்னது சரி, அன்று மாலை அவர் கதவை யாரும் தட்டவில்லை. எனக்கு இருக்கை கிடைத்ததும் உண்மை. கில்பர்ட்டைக் காப்பாற்ற அலைந்து திரிந்து பாடுபட்டேனாம், அதற்காகத் தந்தார்கள்.

மறுநாள் காலை கில்பர்ட்டுடன் தூக்குமரம்வரை வண்டியில் போக வேண்டியதும் என் கடமைதான். நல்ல பனி. அவன் மனைவி வண்டிக்குப் பின்னாலேயே நடந்து வந்தாள். அவன் என்மேல் கோபப்படவில்லை, இதை எழுதிக்கொள்ளுங்கள். கட்டிய கைகளோடு என் பக்கம் சாய்ந்து, "சாமி, உங்களுக்குக் காது கொஞ்சம் மந்தம்னு எனக்குத் தெரியாமப் போச்சு. நான் பக்கத்துல வந்து நின்னு வாசிச்சிருக்கணும். என் தப்புதான், மன்னிச்சுக்குங்க" என்றான்.

நான் மனசு இளகியவன். மன்னித்துவிட்டேன்.